மூன்றாம் மாடியில் காய்ந்த கைலி

நான் ஒரு மரத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அந்த மரம் எனக்கு நன்மையைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. அதன் கீரையைச் சாப்பிட்டுத்தான் என் மகளுக்குப் பால் கொடுத்தேன். அப்படியிருந்தும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், குழந்தை தூங்கிய முக்கால் மணி நேரத்தில், நான்கு புகைப்படங்களை இணைத்து அதன் மீது புகார் அனுப்பினேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். (என் கணவர் பிரபுவைக் கேட்டால், "நீ யோசிக்காம செஞ்ச ஒரே காரியம் அந்தப் புகார்தான், அதுலயும் அறுநூறு வார்த்தை" என்பார்.)

நான் எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது, ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பட்டியலில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களிடம் "பேசாதே" என்று சொன்னதும் பேச்சில்தானே சேரும். உணவங்காடியில் முன்பின் தெரியாதவர்கள் விட்டுப்போன தட்டையும் எடுத்து வைப்பேன். கைப்பேசியில் எந்தச் செயலியை இறக்கினாலும் அதன் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்துவேன். அழுத்திய பிறகு, சரியாகப் படித்தோமா என்று சந்தேகம் வரும்.

இப்படிப்பட்டவளிடம் ஆண்டவன் ஒரு குழந்தையைக் கொடுத்தான்.

நாங்கள் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சமையலறைகள் பார்க்கும் பின்பக்கத்தில் ஒரு புல்திட்டு. அதில் அந்த முருங்கை மரம். இரண்டாம் மாடி ஹமீதா அக்காவின் கணவர் காதர் அண்ணன், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ கொடுத்த ஒரு முருங்கைக் கிளைப் போத்தைக் கொண்டுவந்து அங்கே ஊன்றினாராம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. நாங்கள் குடிவந்தபோது மரம் எங்கள் சமையலறைச் சன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது எல்லாருக்கும் பொது. மலாய்க்காரர்கள் கீரை பறிப்பார்கள். நம் ஆட்கள் காய்க்கு வருவார்கள். நான்காம் மாடி டான் அங்கிள், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இலையைக் காயவைத்துத் தேநீர் போட்டுக் குடிப்பார். பறிப்பவர்கள் எல்லாரும் இரண்டாம் மாடியை நிமிர்ந்து பார்த்து ஒரு கை காட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் வாடகை.

பிரபு காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழு மணிக்கு வருவார். என் அம்மா இருப்பது குவீன்ஸ்டவுனில். அவரும் வேலைக்குப் போகிறவர். நான் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரத்தில் என்னோடு வாய் திறந்து பேசும் ஒரே பெரிய மனுஷி ஹமீதா அக்காதான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சு முழுக்கச் சன்னல் வழியாகத்தான். அவர் தன் சமையலறையிலிருந்து தலையை நீட்டி மேலே பார்ப்பார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பார்ப்பேன்.

"என்ன புள்ள, சாப்பிட்டியா?"

"இனிமேதான் அக்கா."

"மணி மூணு ஆவுது. பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி நீ பட்டினி கெடக்காத. கயிறு விடு."

நான் ஒரு துணிப்பையைக் கயிற்றில் கட்டி இறக்குவேன். அது கீரைப் பொரியலோடோ மீன் குழம்போடோ மேலே வரும். (சாமான்களை இப்படிச் சன்னல் வழியாக ஏற்றி இறக்குவது விதிப்படி சரியா என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். பதில் கிடைப்பதற்குள் குழம்பு வந்துவிட்டது.)

இனியா பிறந்தபோது தொட்டில் கட்ட அக்கா சாய அச்சுப் போட்ட ஒரு பாத்தேக் கைலி கொடுத்தார். மஞ்சளில் நீல மயில்கள். மலேசியாவில் கோத்தா பாருவுக்குப் போனபோது வாங்கியது. "கடையில இது ஒண்ணுதான் இருந்துச்சு, இன்னொண்ணு கேட்டேன், இல்லன்னுட்டான்" என்று சொல்லிக் கொடுத்தார். இந்த வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனியாவுக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கையில் மூன்று சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தேன். அதே நேரத்தில், துணி காயப்போடும் மூங்கில் கம்பின் நுனியில், முருங்கைக் கிளை வந்து உரசும் இடத்தில், ஒரு கம்பளிப்பூச்சி நடந்துகொண்டிருந்தது. அது எங்கள் வீட்டை நோக்கித்தான் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பிரபுவை அழைத்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்மா."

"வியாழக்கிழமைதான் அப்பாயின்மெண்ட் கெடச்சிருக்கு."

"சரி, ரெண்டு நாள்தானே. காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"அழறாளா?"

"தூங்கறா."

"அப்ப நீயும் தூங்கு."

நான் தூங்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் குப்பைத் தொட்டி நிரம்பினாலும், மின்தூக்கி விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலும், மரக்கிளை தாழ்ந்தாலும், படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்ப ஒரு செயலி இருக்கிறது. மற்றவர்கள் அதில் இரண்டு வரி எழுதுவார்கள். நான் "பின்னணி", "பாதிப்பு", "பரிந்துரை" என்று மூன்று தலைப்புகள் போட்டேன். கம்பளிப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கினேன். சன்னல் பக்கம் வரும் கிளைகளை மட்டும் வெட்டும்படி கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுமையாக எழுதவேண்டும் என்ற என் பழைய வியாதி விடவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த மரம் முறைப்படி நடப்பட்டதுதானா என்பதையும் சரிபார்க்கலாம்."

பிறகு படங்கள். சமையலறைச் சன்னலிலிருந்து நான்கு எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். யார் முகமாவது தெரிகிறதா, எந்த வீட்டு எண்ணாவது தெரிகிறதா என்று. எதுவும் தெரியவில்லை. மற்றவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதில் நான் எவ்வளவு கவனமானவள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் இனியாவின் கையைப் பார்த்தார். நான் கம்பளிப்பூச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே என் பையின் பக்கவாட்டில் இருந்த புட்டியைச் சுட்டிக் காட்டினார்.

"இது என்ன?"

அது ஏழு விதப் பூக்களின் சாறு சேர்த்த குழந்தைகளுக்கான தைலம். இணையத்தில் முந்நூறு கருத்துகளைப் படித்துவிட்டு நானே தேர்ந்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் தினமும் இரண்டு வேளை தடவிக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க. மூணு நாள்ல போயிடும்," என்றார். இரண்டே நாளில் போய்விட்டது.

மருந்தகத்து வாசலிலேயே நின்று புகாரைத் திரும்பப் பெற முயன்றேன். செயலியில் அதற்கு வழி இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "கூடுதல் கருத்து" என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அதில் நிலைமை மாறிவிட்டதாகவும் மரத்தின் மேல் தவறில்லை என்றும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். உடனே நன்றி சொல்லி ஒரு செய்தி வந்தது. புதிதாக ஓர் எண்ணும் வந்தது. அந்த மரத்தைப் பற்றி அந்த வாரத்தில் பதிவான இரண்டாவது புகார் என் மன்னிப்புக் கடிதம்.

அதற்கு அடுத்த வாரம் மரத்தின் இடுப்பில் சிவப்பு வெள்ளைப் பட்டையைச் சுற்றியிருந்தார்கள். உறையில் போட்ட ஓர் அறிவிப்பும் தொங்கியது. அனுமதியில்லாமல் நடப்பட்டிருப்பதாலும் பூச்சித் தொல்லை பற்றிப் புகார்கள் வந்திருப்பதாலும் இந்த மரம் இரண்டு வாரத்தில் அகற்றப்படும்.

"புகார்கள்" என்று பன்மையில் போட்டிருந்தது. இரண்டும் நான்தான்.

கீழ்த்தளத்தில் ஹமீதா அக்கா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காதர் அண்ணன், மரத்தையே பார்த்துக்கொண்டு. அவர் பேசாத மனிதர். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

"பாத்தியா புள்ள? எவன் வச்ச வேலைன்னே தெரியல. இத்தன வருசமா ஒருத்தன் ஒண்ணு சொன்னதில்ல லா."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். வெளியே வந்தது "அச்சச்சோ" மட்டும்தான்.

"எனக்குத் தெரியும். அந்த நாலாவது மாடி டான். பூனைக்குச் சோறு வைக்கிறாங்கன்னு புகார் குடுத்தவன்தானே அவன். அவனேதான். இல்ல?"

இப்போது எழுதுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே கடினமான வரி. நான், "இருக்கலாம் அக்கா," என்றேன்.

ஒரு தப்பும் செய்யாத எழுபது வயதுக்காரரின் தலையில் என் குற்றத்தைத் தூக்கி வைத்தேன். வகுப்பில் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்த அந்தச் சிறுமி எங்கே போனாள் என்று தெரியவில்லை. மறுநாள் டான் அங்கிள் கீழே வந்து வழக்கம்போல இரண்டாம் மாடியைப் பார்த்துக் கை காட்டினார். சன்னல் சாத்திக்கொண்டது. அவர் கையை அப்படியே உயர்த்தியபடி சற்று நேரம் நின்றார். நான் மேலேயிருந்து திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன்.

அன்று மாலை பிரபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போய்ச் சொல்லிடு," என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அந்த 'நாளை' விடிந்ததும் அக்காவே என் கதவைத் தட்டினார்.

"நீ படிச்ச புள்ள. இங்கிலீசுல நல்லா எழுதுவ. நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதிக் குடு. நான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குறேன்."

சொல்லப் போகிறேன், இதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இஞ்சித் தேநீரையும் பலகாரத் தட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, என் புகாருக்கு எதிராக நானே மனு எழுதினேன். இனியா காதர் அண்ணனின் மடியில் இருந்தாள்.

"அந்த ஆள் என்ன எழுதியிருப்பான்னு நெனைக்கிற?" என்று அக்கா கேட்டார்.

"கம்பளிப்பூச்சின்னு எழுதியிருப்பாங்க அக்கா."

"அதுக்கு என்ன பதிலு?"

அதற்குப் பதில் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. அந்தப் புகார் அத்தனை கச்சிதமாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டையையும் நானே அடைத்து வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் திணறி, வாரம் ஒருமுறை பூச்சிகளைப் பார்த்து அகற்றலாம், உயரத்தைக் குறைத்து வெட்டலாம், எத்தனை வீடுகள் பயன்பெறுகின்றன என்று பட்டியலிட்டேன். அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு அழகா யாரு புள்ள எழுதுவா? நீ மட்டும் இல்லன்னா இந்த மரம் போயிருக்கும்."

தேநீர் தொண்டையில் நின்றது. காதர் அண்ணன் என் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

நாற்பத்தோரு கையெழுத்துகள் சேர்ந்தன. டான் அங்கிளின் வீட்டை அக்கா தாண்டிப் போய்விட்டார்.

மனு போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாக நகர மன்றத்திலிருந்து தகவல் வந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் துணி துவைப்பேன். அன்று காலை ஏழு மணிக்குள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் துவைத்து, கம்பில் கோத்து, சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு இனியாவோடு கீழே இறங்கினேன். பிரபு பின்னால் வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

புல்திட்டில் பதினைந்து இருபது பேர் கூடியிருந்தார்கள். டான் அங்கிளும் ஓரமாக நின்றார். அவருக்கு ஒரு கை தூரத்துக்கு யாரும் இல்லை. அதிகாரி இளைஞர், மிகவும் மரியாதையானவர். ஒரு மர நிபுணரையும் அழைத்து வந்திருந்தார். நிபுணர் மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரி எங்கள் மனுவைக் கையில் எடுத்தார். அவரோடு பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"ரொம்ப நல்ல மனு. யார் எழுதியது?"

அக்கா என்னை முன்னால் தள்ளினார். "இந்தப் புள்ளதான்."

"பின்னணி, பாதிப்பு, பரிந்துரை என்று தெளிவாக இருக்கிறது," என்றார் அவர். பிறகு உண்மையான வியப்போடு, "வந்த புகாரும் இதே மாதிரிதான் இருந்தது. அதே மூன்று தலைப்பு. இந்த அடுக்குமாடியில் எல்லாருமே நன்றாக எழுதுகிறீர்கள்."

பிரபு மரத்தின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினார்.

"புகார் குடுத்தது யாருன்னு சொல்லுங்க," என்றார் அக்கா.

"அதை மட்டும் சொல்ல முடியாது ஆன்ட்டி. ரகசியம் காப்பது எங்கள் கடமை." (அந்த நிமிடம் அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.) "ஆனால் பிரச்சினை எந்த இடத்தில் என்று காட்டுகிறேன். கிளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்."

தட்டைக் கணினியை எல்லாரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார்.

படத்தில் முருங்கைக் கிளை தெளிவாக இருந்தது. கம்பளிப்பூச்சியும் இருந்தது. கிளைக்கு முன்னால், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, ஒரு மூங்கில் கம்பில் துணிகள் காய்ந்தன. குழந்தையின் சட்டை மூன்று. பிரபுவின் அலுவலக ஓட்டப் பந்தயப் பனியன் ஒன்று. அதற்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு இறகும் தெரிய, மஞ்சளில் நீல மயில்கள்.

முகம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேனே, அதே படம்தான்.

அக்கா படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி மூன்றாம் மாடியைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து காதர் அண்ணன் பார்த்தார். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண்மணி பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாரும் நிமிர்ந்தார்கள். கடைசியில் அந்த அதிகாரியும், என்னவென்று புரியாமல், நிமிர்ந்து பார்த்தார்.

மேலே, காற்றில் மயில்கள் ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அதே பனியன்.

இனியா தன் தொட்டிலை அடையாளம் கண்டு, மேலே கையை நீட்டி, "ங்ஆ" என்றாள்.

"நான்தான்," என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. "நான்தான் புகார் குடுத்தேன். ரெண்டும் நான்தான். குழந்தைக்குத் தடிப்பு வந்துச்சு. அது பூச்சி இல்ல, நான் தடவின தைலம். டான் அங்கிள் ஒண்ணும் பண்ணல. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல."

கடைசி இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்திலும் சொன்னேன், அவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக. டான் அங்கிள் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தமிழில் அது ஏறக்குறைய இப்படி வரும்: "நான் புகார் பண்ணது பூனையை மட்டும் லா. மரத்தை எதுக்குப் பண்றேன்? நான்தான் அதைக் குடிக்கிறேனே."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டு, "கைலி நல்லாத்தான் காயுது," என்றார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நிபுணர், மரம் ஆரோக்கியமாக இருக்கிறது, ஆனால் முருங்கைக் கிளை பலமில்லாதது, இரண்டாம் மாடிக்கு மேலே வளரவிடக் கூடாது என்றார். இத்தனை பேர் கேட்பதால், குடியிருப்பாளர்கள் பராமரிக்கும் மரமாக இதைப் பதிவு செய்ய மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாக அதிகாரி சொன்னார். ஆனால் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். வாரா வாரம் பூச்சி பார்க்கவேண்டும். மாதம் ஒருமுறை படத்தோடு அறிக்கை அனுப்பவேண்டும்.

"யார் பெயரைப் போடுவது?"

எல்லாரும் காதர் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்.

"மூணாவது மாடி புள்ள பேரப் போடுங்க. நல்லா எழுதுவா. படமும் நல்லா எடுப்பா."

மூன்று வாரம் கழித்து அனுமதிக் கடிதம் என் பெயருக்கு வந்தது. மரம் பிழைத்தது. சன்னல் பிழைக்கவில்லை. நான் எட்டிப் பார்க்கும் நேரத்தில் கீழே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கேசரி கிண்டி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, "சரி" என்றார். மறுநாள் டப்பா என் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நம் ஆட்கள் யாரும் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அந்தக் காலி டப்பாவைப் பார்த்து நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இனியா அதை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

டான் அங்கிளிடமும் போனேன். அவர் ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிட்டார். "லிஃப்ட் கதவு லேட்டா மூடுது, அதையும் நீ எழுது. நான் எழுதினா வர மாட்டாங்க, நீ எழுதினா உடனே வர்றாங்க," என்றார்.

மரத்தின் பொறுப்பாளர் நான். ஆனால் அதில் ஓர் இலை பறிக்க எனக்குக் கை வரவில்லை. வாரா வாரம் பூச்சியை மட்டும் பார்ப்பேன். கீரை வேண்டுமென்றால் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்கா சந்தைக்கு ரயில் ஏறினேன். ஒரு நாள் மின்தூக்கியில் காதர் அண்ணன் இருந்தார். என் பையில் குழந்தையின் அணையாடைக் கட்டுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த முருங்கைக் கொத்து ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார்.

"தேக்காவா?"

"ஆமாண்ணே."

"வாடிப் போச்சே," என்றார். இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

அந்தக் கைலியையும் நான் வெளியே காயப்போடுவதை நிறுத்தியிருந்தேன். குளியலறையில் கொடி கட்டி, விசிறி வைத்துக் காயவைத்தேன். மயில்களில் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது.

ஒரு மதியம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"ஏ புள்ள."

சன்னலுக்கு ஓடினேன். ஹமீதா அக்கா தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கைலி எங்க? மூணு மாசமாப் பாக்குறேன், கம்புல காணோம். கிழிஞ்சு போச்சா?"

"இல்லக்கா. உள்ள காயுது."

"உள்ள எதுக்குக் காயுது?"

"வெளிய போட வெக்கமா இருக்குக்கா," என்றேன்.

"வெக்கப்பட வேண்டியது நீ. கைலி என்ன பண்ணுச்சு? பிள்ளை படுக்கிற துணி, வெயில் படணும். வெளிய போடு." அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். "கயிறும் விடு."

மேலே வந்த பையில் கீரைப் பொரியல் இருந்தது. அதன் மேல் தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் ஒரு கரண்டிச் சர்க்கரை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. மாதா மாதம் அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அதே மூன்று தலைப்புகளில். மின்தூக்கி, விளக்கு, அடைத்த வடிகால் என்று பக்கத்து வீட்டார் எல்லாரும் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். நான் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாலே பிரபு, "கம்பை உள்ள இழுத்துட்டு எடும்மா," என்பார். அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் எதிரிலேயே முழுக் கதையையும் சொல்வார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்த இடத்தில் எழுந்து நின்று ஒவ்வொருவர் மாதிரியும் நிமிர்ந்து காட்டுவார். அந்த அதிகாரி நிமிர்ந்ததைக் கடைசியாக வைத்துக்கொள்வார். நான் தேநீர் ஆற்றிக் கொடுப்பேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும், செய்த தப்பு வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு "கைலி தெரிஞ்சுடுச்சு" என்றுதான் பெயர். போன வாரம் இனியா பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அம்மா, சாப்பாட்ட நான் சாப்பிடல. குப்பையில போட்டேன். டீச்சர் யாருன்னு கேட்டாங்க, நான் பேசாம இருந்தேன்."

"அப்புறம்?"

"டப்பாவும் சேந்து விழுந்துடுச்சு. அதுல நீங்க பெரிசா என் பேர எழுதியிருந்தீங்க." ஒரு பெருமூச்சு விட்டாள். "கைலி தெரிஞ்சுடுச்சும்மா."